கதவு திறந்து கிடக்கும் வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள்

குமரி மாவட்டத்தில் பாலியல் வன்முறை குறித்த கணக்கெடுப்பைத் தொடங்கவிருக்கும் ஆய்வுக் குழுவினருக்கும், அதற்கு ஒப்புதல் தரவிருக்கும் நெறிமுறைக் குழு உறுப்பினர்களுக்கும்,

உங்கள் படிவத்தையும் களத் திட்டத்தையும் படித்தோம். பதினான்கு கேள்விகள். 15 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் அத்தனை பேரிடமும் வீடு வீடாகப் போய்க் கேட்பது. கேட்பவர்கள் அந்தந்த ஊர்த் தன்னார்வலர்கள். ஒரு நாள் பயிற்சி. நிரப்பிய படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி. கல்லூரிப் பெண்களுக்கு வாட்ஸ்அப்பில் ஓர் இணையப் படிவம். ஊருக்கு ஒரு குழுக் கலந்துரையாடல், ஒலிப்பதிவோடு. எல்லாம் மே நடுவில் தொடங்கி ஜூலைக்குள் முடிய வேண்டும். இந்தத் திட்டம் இப்படியே களத்துக்குப் போகக் கூடாது.

ஆய்வே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. மாவட்டத்துக்கென்று நம்பத்தக்க எண் இல்லை என்பது உண்மை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21), தமிழ்நாட்டில் மணமான 18-49 வயதுப் பெண்களில் 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள் என்றது. ஆனால் அந்தக் கேள்விகளை எல்லா வீட்டிலும் கேட்பதில்லை, தேர்ந்தெடுத்த ஒரு பகுதி வீடுகளில்தான் கேட்கிறார்கள். அதனால் மாநிலக் கணக்கு கிடைக்கிறது, மாவட்டக் கணக்கு கிடைப்பதில்லை. காவல்துறைப் பதிவேடு இந்த இடத்தை நிரப்பாது. அங்கே இருப்பது வழக்கானவற்றின் எண்ணிக்கை. அதிலும் ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தால், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில் அவற்றில் மிகக் கடுமையான ஒன்றாக மட்டுமே அது எண்ணப்படும். மருத்துவமனைப் பதிவேடும், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்தின் பதிவேடும் அங்கே வந்து சேர்ந்தவர்களைத்தான் காட்டும்.

ஆகவே பெண்களிடம் நேரே கேட்டாக வேண்டும். எப்படிக் கேட்பது என்பதில்தான் எங்கள் பிணக்கு. உங்கள் வழியில் கேட்டால் வரப்போகும் எண் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். அது சும்மாவும் கிடக்காது. நிதி ஒதுக்கும் கூட்டத்தில், "படித்த மாவட்டம், இங்கே இதெல்லாம் குறைவு" என்பதற்கு ஆதாரமாக எடுத்து நீட்டப்படும்.

முதலில் ஆறாம் கேள்வி: "நீங்கள் கற்பழிப்புக்கு ஆளானதுண்டா? ஆம் / இல்லை." இந்தச் சொல், நடந்ததைச் செய்தவன் மேல் வைக்காமல் பெண்ணின் கற்பின் மேல் வைக்கிறது என்பது ஒரு குறை. ஆய்வுக்கு அதைவிடப் பெரிய குறை இன்னொன்று: தனக்கு நடந்ததை இந்தப் பெயரால் அழைக்கும் பெண்கள் மிகக் குறைவு. கணவன் செய்ததை எந்தப் பெண்ணும் அப்படிச் சொல்ல மாட்டாள். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவும் 18 வயது நிரம்பிய மனைவியிடம் கணவன் செய்வதை விலக்கி வைத்திருக்கிறது. சட்டத்தின் சொல்லை வைத்துக் கேட்டால் சட்டம் விட்டதையெல்லாம் ஆய்வும் விட்டுவிடும். குற்றத்தின் பெயரைச் சொல்லாமல் செயலைச் சொல்லிக் கேட்பதுதான் நாற்பது ஆண்டுகளாக இந்தத் துறையில் நிலைத்துவிட்ட முறை. பெண்கள் மீதான வன்முறை பற்றி உலக சுகாதார நிறுவனம் நடத்திய பல நாட்டு ஆய்வு கணவரைப் பற்றிக் கேட்ட மூன்று கேள்விகளின் சாரம் இது: விருப்பம் இல்லாதபோது உடல்பலத்தால் கட்டாயப்படுத்தி உறவு கொண்டாரா? மறுத்தால் என்ன செய்வாரோ என்ற பயத்தில் நீங்கள் இணங்கியதுண்டா? உங்களுக்கு அவமானமாகப் பட்ட ஒன்றைச் செய்யும்படி வற்புறுத்தினாரா? ஒவ்வொன்றுக்கும் 'எப்போதாவது', 'கடந்த 12 மாதத்தில்' என்று இரண்டு காலம். கணவர் அல்லாதவர்களுக்குத் தனி வரிசை. யார் என்பதற்குப் பெயர் கேட்கக் கூடாது. உறவுக்காரர், தெரிந்தவர், வேலையிடத்தவர், முன்பின் அறியாதவர் என்ற வகை போதும்.

இந்த மூன்றையும் தமிழாக்கி அச்சடித்தால் வேலை முடிந்துவிடாது. 'உறவு' என்றால் பாதிப் பேருக்குச் சொந்தபந்தம். 'உடலுறவு' பத்திரிகைச் சொல், வாயில் வராது. விளவங்கோடு பக்கம் மலையாளச் செய்தி கேட்டுப் பழகியவர்களுக்குப் 'பீடனம்' என்றால் உடனே பிடிபடும். அதே சொல்லைத் தோவாளையில் சொன்னால் விழிப்பார்கள். கடற்கரை, நாட்டுப்புறம், ரப்பர்க்காட்டு மலையோரம், மலையாளம் கலந்த மேற்கு என்று நான்கு இடத்திலும் பன்னிரண்டு பேரிடமாவது படிவத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அந்தச் சோதனையில் பதில் முக்கியமல்ல. "இந்தக் கேள்வியை நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள், உங்கள் வாயால் சொல்லுங்கள்" என்று கேட்டுச் சொற்களை மாற்ற வேண்டும். காலத்தை நினைவுபடுத்த ஆண்டைக் கேட்டுப் பயனில்லை. சுனாமிக்கு முன்பா பின்பா, ஒக்கிப் புயல் நேரத்தில் எந்த வீட்டில் இருந்தீர்கள், போன கிறிஸ்துமஸுக்குப் பிறகா என்று கேட்டால் சரியாக வரும்.

ஒன்பதாம் கேள்வி சம்பவத்தின்போது அணிந்திருந்த உடை பற்றியது. அதை வைத்து என்ன கணக்கிடப் போகிறீர்கள் என்று படிவத்தில் எங்கும் இல்லை. தோள்சீலை அணியும் உரிமைக்காகப் பெண்கள் அடிபட்டு, 1859இல் அரசாணை வாங்கிய மண்ணில் இந்தக் கேள்வி எப்படி அச்சேறியது என்பது எங்களுக்கு விளங்கவில்லை. எடுத்துவிடுங்கள்.

அடுத்தது, ஒரே வீட்டில் எல்லாப் பெண்களிடமும் கேட்பது. மருமகளிடம் என்ன கேட்டார்கள் என்பது மாமியாருக்குத் தன் முறை வந்ததும் தெரிந்துவிடும். இரவுக்குள் ஆண்களுக்கும் தெரியும். அடி விழுவது அதற்குப் பிறகு. உங்கள் கணக்கெடுப்பாளர் அப்போது அடுத்த ஊரில் இருப்பார். வீட்டுக்கு ஒரு பெண் மட்டுமே, அதையும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2001ஆம் ஆண்டு வழிகாட்டல் சொல்வது இதற்காகத்தான். தேசியக் குடும்பநல ஆய்வும் வன்முறைக் கேள்விகளை வீட்டுக்கு ஒருவரிடம்தான் கேட்கிறது. ஊரிலும் வீட்டிலும் ஆய்வின் பெயர் "பெண்கள் உடல்நலமும் வாழ்க்கை அனுபவமும்" என்று இருக்கட்டும். தேர்வான பெண்ணிடம் மட்டும், தனியாக, கேள்விகளின் உண்மையான தன்மையைச் சொல்லிச் சம்மதம் கேளுங்கள். ஒப்புதல் தாளில் அவர் கையெழுத்தும், அப்பா அல்லது கணவர் பெயரும் கேட்டிருக்கிறீர்கள். இந்த ஆய்வில் ஒரு பெண்ணைக் காட்டிக்கொடுக்க அந்த ஒரு தாள் போதும். வாய்மொழிச் சம்மதம் வாங்கி, வாங்கியதாகக் கணக்கெடுப்பாளர் கையெழுத்திட்டால் போதுமானது.

தனிமை என்று திட்டத்தில் ஒரே வரி எழுதியிருக்கிறீர்கள்: "இயன்றவரை தனிமை உறுதிசெய்யப்படும்." இதில் 'இயன்றவரை'க்கு இடம் கிடையாது. இரண்டு வயதுக்கு மேற்பட்ட யாரும் காதுக்கெட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது; இருந்தால் அந்தப் பகுதியைக் கேட்காமல் நிறுத்த வேண்டும். குளச்சல், முட்டம், தூத்தூர்ப் பக்கத்து வீடுகள் சுவரோடு சுவர். பகலில் கதவைச் சாத்தினாலே என்ன விசேஷம் என்று கேட்பார்கள். அங்கே இன்னொரு இடத்தை முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும்: துணை சுகாதார நிலையத்தின் உள்ளறை, அங்கன்வாடி மூடிய பிறகு அந்த அறை. கோயில், பள்ளிவாசல், தேவாலய வளாகம் வேண்டாம். அங்கே வைத்தால் பங்குப் பேரவையிலும், அன்பியம் என்ற அக்கம்பக்கக் கிறிஸ்தவக் குழுக்களிலும் பேச்சாகிவிடும். கையில் இன்னொரு படிவமும் இருக்க வேண்டும்: தாய்ப்பால், இரும்புச்சத்து மாத்திரை பற்றிய பத்துக் கேள்விகள். யாராவது உள்ளே வந்தால் குரல் மாறாமல் அதற்குத் தாவ வேண்டும். பயிற்சியில் இந்தத் தாவலை இருபது முறையாவது நடித்துப் பார்க்காதவர் களத்தில் தடுமாறுவார். தடுமாறினால் வந்தவருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

நாட்காட்டியையும் தவறாகப் போட்டிருக்கிறீர்கள். கல்லூரி விடுமுறை, தன்னார்வலர்கள் கிடைப்பார்கள் என்பதற்காக மே-ஜூலை. கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நம் மாவட்டத்துக்கு இரண்டு கரையும் உண்டு. கடற்கரை ஊர்களில் ஆண்கள் வீட்டில் இருக்கும் நாட்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததுபோல் இருக்கிறது இந்தத் திட்டம். ஆழ்கடலுக்குப் போகும் படகுகள் வாரக்கணக்கில் திரும்பாத மாதங்கள் இருக்கின்றன. கடற்கரைக்கு அவைதான் ஏற்ற காலம். ரப்பர்த் தோட்டப் பகுதியில் பால்வெட்டு விடியலிலேயே தொடங்கிவிடும், முற்பகல் தாண்டிப் போனால்தான் பெண்கள் கிடைப்பார்கள். முந்திரி ஆலைப் பெண்கள் வேலை முடிந்து வரும் நேரத்தில் வீட்டில் ஆண்களும் இருப்பார்கள். ஆலைக்குள்ளேயே கேட்கலாம் என்று தோன்றும், கேட்காதீர்கள். மேற்பார்வையாளரைப் பற்றித்தான் அந்தப் பெண்ணுக்குச் சொல்ல ஏதாவது இருக்கக்கூடும்.

கேட்பவர் யார்? உள்ளூர்க்காரர் என்றால் நம்பிக்கை வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். தடுப்பூசிக் கணக்குக்கு அது சரி. இந்த விஷயத்தில் அடுத்த வீட்டு மைனியிடம் எந்தப் பெண்ணும் வாய் திறக்க மாட்டாள்; திறந்தால் கேட்டவருக்கும் அது தாங்க முடியாத சுமை. கல்குளத்து ஆட்கள் தோவாளைக்கும், தோவாளையினர் கிள்ளியூருக்கும் போகட்டும். மேற்கே போகிறவர்களுக்கு மலையாளம் காதில் விழுந்தால் புரிய வேண்டும். அனைவரும் பெண்கள். பல நாட்டு ஆய்வில் பயிற்சி மூன்று வாரம்; நீங்கள் ஒரு நாள் வைத்திருக்கிறீர்கள். முகம் சுளிக்காமல் கேட்பது, அழுகையை அவசரமாக அடக்காமல் இருப்பது, "ஏன் அப்போதே சொல்லவில்லை" என்று வாய்தவறியும் கேட்காமல் இருப்பது, எல்லாம் பழக்கத்தால் வருவது. பயிற்சியின்போதே சிலருக்குத் தம் சொந்த அனுபவம் மேலெழும். அவர்கள் மதிப்பிழக்காமல் விலக வழி வைத்திருக்க வேண்டும். கூலி நாட்கணக்கில்தான் இருக்க வேண்டும். படிவக்கணக்கில் கொடுத்தால், ஆறாம் கேள்விக்கு 'ஆம்' என்று பதில் வந்தால் இன்னும் அரை மணி நேரம் ஆகும் என்பது இரண்டாம் நாளே எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு 'இல்லை' பெருகும்.

செலவு கட்டாது என்பீர்கள். எல்லாப் பெண்களிடமும் கேட்பதைவிட இது மலிவு. பத்து விழுக்காட்டை ஒட்டிய ஓர் அளவை இரண்டு விழுக்காட்டுப் புள்ளி முன்பின்னாக அறிய, எளிய கணக்கில் 864 பேர் போதும். ஊர் ஊராகக் கொத்தாக எடுப்பதால் அதை இரண்டால் பெருக்கி, பத்தில் ஒருவர் கிடைக்கமாட்டார் என்று அதற்கேற்பக் கூட்டினால் 1,920. எண்பது கொத்து, கொத்துக்கு 24 வீடு. ஒரு பேட்டி முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம், ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். 16 பேர், அவர்களுக்கு நான்கு மேற்பார்வையாளர்கள், வாரம் ஐந்து நாள் என்றால் எட்டு வாரத்தில் முடியும். ஆறு தாலுகாவுக்கும் தனித்தனி எண் வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். தாலுகாவுக்கு 320 பேரில் பிழை எல்லை ஐந்து புள்ளியைத் தொடும். பத்து விழுக்காடு என்பது ஐந்தாகவும் இருக்கலாம், பதினைந்தாகவும் இருக்கலாம்.

மற்ற முறைகள் பற்றி. வாட்ஸ்அப் படிவத்தில் எத்தனை பேருக்குப் போனது என்றே தெரியாது, ஒருவரே பத்து முறை நிரப்பலாம், ஒரு திரைப்பிடிப்பு போதும் எல்லாம் வெளியே வர. அதிலிருந்து எந்த விழுக்காடும் எழுத முடியாது. தொலைபேசியில், மறுமுனையில் ஒலிபெருக்கி போட்டிருக்கிறதா, அழைப்பைத் தானாகப் பதியும் செயலி இருக்கிறதா என்று கேட்பவருக்குத் தெரியாது. கணவர் வளைகுடாவில், கைபேசி கொழுந்தன் கையில் என்ற வீடுகள் இங்கே குறைவல்ல. குழுக் கலந்துரையாடல் நல்ல கருவிதான், ஆனால் அது வேறு வேலைக்கு: எந்தச் சொல் புழங்குகிறது, எதைத் தவறென்று ஊர் நினைக்கிறது, எங்கே போய்ச் சொல்வார்கள் என்பதை அறிய. ஆறு முதல் எட்டுப் பேர், மாமியார் வயதினர் தனி, மருமகள் வயதினர் தனி, கற்பனையான ஒரு பெண்ணின் கதையை வைத்துப் பேச்சு. உங்கள் வழிகாட்டியில் உள்ள "உங்களில் யாருக்காவது" என்று தொடங்கும் கேள்வியைக் குழுவில் கேட்கவே கூடாது. எட்டுப் பேர் கேட்டதை எட்டுப் பேரும் மறைப்பார்கள் என்று யாரும் உறுதி தர முடியாது.

நேரில் சொல்லத் தயங்குவதை வெளிக்கொணர வழிகள் உண்டு. பட்டியல் முறையில் பாதிப் பேருக்கு நான்கு சாதாரண வாக்கியங்கள், மீதிப் பேருக்கு அதே நான்கோடு நாம் அறிய விரும்பும் ஐந்தாவதும் கொடுத்து, எத்தனை உங்களுக்குப் பொருந்தும் என்று எண்ணை மட்டும் கேட்பார்கள். இரு குழுக்களின் சராசரி வித்தியாசம்தான் விடை. யார் என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் விலை அதிகம்: ஆயிரம் பேரில் நேரடிக் கேள்விக்குப் பிழை எல்லை இரண்டு புள்ளிக்குள் நிற்கும் இடத்தில், பட்டியல் முறைக்குப் பன்னிரண்டு புள்ளி வரை போகும். ஆகவே துணைக் கருவியாக வைக்கலாம், தனியாக நம்ப முடியாது. காதில் கேட்பானை மாட்டி, பதிவான குரலில் கேள்வியைக் கேட்டு, திரையில் வண்ணப் பொத்தானைத் தொட்டுப் பதில் சொல்லும் முறை 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவு பெற்ற மாவட்டத்துக்கு ஒத்துவரும், இளவயதினருக்குக் குறிப்பாக. திரையில் கேள்வி எழுத்தாகத் தெரியக் கூடாது, முதலில் மூன்று பயிற்சிக் கேள்விகள் வேண்டும். இருக்கிறதிலேயே எளியது, பல நாட்டு ஆய்வு சிறுவயதுக் கொடுமையைக் கேட்கக் கையாண்ட அட்டை. பேட்டியின் முடிவில் சிரித்த முகமும் அழும் முகமும் வரைந்த அட்டையைக் கொடுத்து, 15 வயதுக்கு முன் யாராவது தகாதபடி தொட்டதுண்டா என்பதற்கு ஒரு முகத்தைக் குறிக்கச் சொல்லி, உறையில் ஒட்டி, பையில் போடச் சொன்னார்கள். பெரும்பாலான இடங்களில் நேரில் சொன்னதைவிட அட்டையில் கூடுதலாக வந்தது. அட்டைக்கும் உறைக்கும் ஆகும் செலவு சில ரூபாய்.

15 வயது என்ற கீழ்வரம்பு இங்கேதான் இடிக்கிறது. 18 வயதுக்குட்பட்டவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தவறினால் 21ஆம் பிரிவில் தண்டனை. 16 வயதுப் பெண்ணிடம் "யாரிடமும் சொல்ல மாட்டோம்" என்று உங்கள் ஒப்புதல் தாள் வாக்குக் கொடுக்கிறது. அதைக் காப்பாற்றினால் நீங்கள் குற்றவாளி, மீறினால் அந்தப் பெண்ணுக்குத் துரோகி. 18க்கு மேல் மட்டும் எடுத்து, சிறுவயது அனுபவத்தைப் பெயரோடு இணையாத அட்டையில் கேளுங்கள்.

தரவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கைக்கணினியில் வீட்டின் இருப்பிடத்தைப் பதிவதை நிறுத்துங்கள். தேசிய ஆய்வுகள் வீட்டுக்குப் பதிலாகக் கொத்தின் மையத்தைத்தான் வெளியிடும், அதையும் வேண்டுமென்றே நகரத்தில் இரண்டு கிலோமீட்டர் வரையும் கிராமத்தில் பெரும்பாலும் ஐந்து வரையும் நகர்த்தித்தான் வெளியிடும். ஒலிப்பதிவு வேண்டாம். அறிக்கையில் ஊர்ப்பெயரே வரக் கூடாது. "மூன்று பிள்ளைகளின் தாய், கணவர் குவைத்தில்" என்று எழுதினாலே எங்கள் ஊர்களில் ஆளைச் சொல்லிவிடுவார்கள். எல்லைக்கு அப்புறம் கேரளத்தில், மலையாளத் திரைத்துறைப் பெண்கள் பற்றிய ஹேமா குழு அறிக்கை 2024 ஆகஸ்டில் வந்தபோது அடையாளம் தெரியும் பகுதிகளை நீக்கியே வெளியிட்டார்கள்; அப்படியும் அது யார், இது யார் என்ற ஊகம் ஓயவில்லை.

கடைசியாக, 'ஆம்' என்று ஒருவர் சொன்ன பிறகு என்ன? உங்கள் திட்டத்தில் அதற்கு ஒன்றும் இல்லை. மூன்று நாளுக்குள் நடந்தது என்று ஒரு பெண் சொன்னால் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது: எச்ஐவி தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அவசரக் கருத்தடை மாத்திரையும் தாமதிக்கத் தாமதிக்கப் பயன் குறையும். அரசு, தனியார் எதுவானாலும் மருத்துவமனை இலவசமாக முதல் சிகிச்சை தந்தாக வேண்டும் என்பது சட்டம். கணக்கெடுப்பாளருக்கு இது மனப்பாடமாக இருக்க வேண்டும். பஸ் டிக்கெட் அளவில் ஒரு சீட்டு அச்சடியுங்கள்; பெண்கள் உதவி எண்ணான 181 மட்டும் இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும், ஆம்புலன்ஸ், சுகாதார உதவிக்கான 108, 104 எண்களோடு கலந்து போடுங்கள். வேண்டாம் என்றால் திணிக்காதீர்கள்.

நாங்கள் கேட்பது இவை. மே மாதத் தொடக்கத்தை நிறுத்தி வையுங்கள்; வாட்ஸ்அப் இணைப்பை யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்பியிருந்தால் இன்றே மூடி, வந்த பதில்களை அழியுங்கள். ஆறாம், ஒன்பதாம் கேள்விகளை நீக்கி, செயலைச் சொல்லும் கேள்விகளை நான்கு இடங்களிலும் சோதித்துத் திருத்துங்கள். வீட்டுக்கு ஒருவர், 18 வயதுக்கு மேல், வாய்மொழிச் சம்மதம், ஊர் மாறிய பெண் கணக்கெடுப்பாளர்கள், மூன்று வாரப் பயிற்சி, நாட்கூலி: இவற்றைத் திட்டத்தில் எழுத்தாகச் சேருங்கள். சேவை மையம், மருத்துவமனை, இலவசச் சட்ட உதவி மூன்றிலும் பேசி, அனுப்பப்படும் பெண்ணை ஏற்பதாக எழுத்தில் வாங்குங்கள். நெறிமுறைக் குழுவினரே, இந்த நான்கும் கையில் வரும்வரை ஒப்புதலில் கையெழுத்திடாதீர்கள். களத்தைத் தெரிந்த ஒரு பெண்ணையும் உங்கள் அமர்வில் உட்கார வையுங்கள். எங்கள் எதிர்ப்பில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏன் மறுக்கிறீர்கள் என்பதைப் பதினைந்து நாளுக்குள் எழுத்தாகத் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
குமரி மாவட்டக் களப்பணியாளர்களும் ஆற்றுப்படுத்துநர்களும்
நாகர்கோவில்